மன்றாட்டும் ஊழியமும்
திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் ஓர் ஆய்வு

தோற்றுவாய்

இறைவனை வேண்டுதல் எல்லாச் சமயங்கட்கும் பொதுவான செயல். வேண்டியவர் வேண்டி எழுந்தபின் என் செய்தார் என்னும் வினாவோ பெரும்பாலும் கேட்கப்பெறுவதில்லை. அடியார் வரலாறு எழுதுவோர் வேண்டுதலின் உருக்கத்தை விரித்துரைத்து, அதன் பின் நிகழ்ந்தன யாவும் இறைவன் செயல் என்று கூறி அமைவர். சமுதாய வரலாறு எழுதுவோர் கல்வி, பொருள்வளம், அரசியல் உணர்ச்சி முதலிய காரணங்களைத் தொகுத்துக் காட்டி, வேண்டுதலை ஒரு புறவணியாகக் கருதி ஒதுக்குவர். இவ்விரண்டு நோக்கும் ஒருபுடை உண்மையுடையனவே. எனினும், வேண்டுதல் ஒரு துணிவாகவும், துணிவு ஒரு பொறுப்பாகவும், பொறுப்பு பல்லாண்டு உழைப்பாகவும் மாறிய வழியை இவை தொடர்ந்து காட்டுவதில்லை.

இவ்வழியைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற நிகழ்ச்சியொன்று தமிழ்நாட்டுக் கிறித்தவ வரலாற்றில் உண்டு. 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஓர் இளைஞர் மரத்தடியில் முழந்தாளிட்டு மன்றாடினார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் ஒரு சங்கம் தோன்றிற்று. அதன்பின் திருநெல்வேலித் தமிழர் சிலர் மொழி வேறாகிய தெலுங்கு நாட்டிற்கு ஊழியம் செய்யச் சென்றனர். மரத்தடியில் மன்றாடியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவார். அவருடைய மன்றாட்டின் பின்புலத்தையும், அது செயலாக மாறிய முறையையும், அச்செயலுக்கு எழுந்த தடைகளையும் நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொற்கள் காட்டும் நெறி

வரலாற்றுட் புகுமுன், தமிழ்க் கிறித்தவர் வழங்கும் சில சொற்களை நோக்குவது பயனுடைத்து. இறைவனோடு பேசும் செயலைக் குறிக்க அவர்கள் செபம், விண்ணப்பம், பிரார்த்தனை, வேண்டுதல், மன்றாட்டு எனப் பல சொற்களை வழங்குகின்றனர். இவற்றுள் முதல் மூன்றும் வடமொழித் தொடர்புடையன. செபம் என்பது மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுதலாகிய சபம் என்னும் சொல்லின் தமிழ் வடிவம். கிறித்தவர் வழக்கிலே அச்சொல் உருவேற்றுதல் என்னும் பொருளைக் கடந்து, உள்ளத்தில் உள்ளதை இறைவனிடம் எடுத்துரைத்தல் என்னும் விரிந்த பொருளைப் பெற்றது.

வேண்டுதலும் மன்றாட்டும் தமிழ்ச் சொற்கள். வேண்டுதல் விரும்புதலையும் இரத்தலையும் ஒருங்கே குறிக்கும். மன்றாட்டு என்பதோ மன்றத்தொடு தொடர்புடையது. மன்றம் ஊரார் கூடும் பொதுவிடம். மன்றத்து வேம்பும் பலாவும் சங்கச் செய்யுட்களில் பேசப்படுகின்றன. ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் இடமும் அதுவே. ஆங்குத் தன் வழக்கை எடுத்துரைத்து நியாயம் வேண்டுவோன் மன்றாடுவோன் ஆயினான். ஆகவே மன்றாட்டு என்பது தனியிடத்து முணுமுணுப்பு அன்று. வழக்கொன்றை எடுத்துரைத்துத் தீர்ப்பிற்குத் தன்னை உட்படுத்திக்கொள்ளும் செயல் அது. தீர்ப்புத் தனக்கு எதிராகவும் அமையலாம் என்பதை அறிந்தே ஒருவன் மன்றேற வேண்டும்.

ஊழியம் என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் இச்சொல் ஒரு காலத்தில் அரசுக்கும் நிலவுடைமையாளர்க்கும் எளிய சாதியார் கூலியின்றிச் செய்த கட்டாய வேலையைக் குறித்தது. அக்கொடுமைக்கு ஆட்பட்டோர் பலர் கிறித்தவரான பின்னர், அதே சொல் இறைவனுக்கும் மக்களுக்கும் ஒருவர் தாமே விரும்பி ஆற்றும் தொண்டைக் குறிக்கலாயிற்று. கட்டாயத்தின் பெயர் விருப்பத்தின் பெயராக மாறியது சொல் வரலாற்றிலே சிறிய செய்தி. சமுதாய வரலாற்றிலே அது பெரிய செய்தி. மன்றாட்டு, ஊழியம் என்னும் இவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அவ்வழியில் நடந்து சென்றோரின் வரலாறே இனி நாம் காணவிருப்பது.

நெல்லைச் சீமையின் பின்புலம்

திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கம் எளியது. 1778இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் மராட்டியப் பிராமணக் கைம்பெண் சுவார்ச்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780இல் எழுதப்பெற்ற சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்களே இருந்தன. குளோரிந்தா அம்மையாரின் முயற்சியால் 1785இல் எழுந்த சிறிய கோயிலை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்குகின்றனர். 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அச்சபையைப் பேணி வளர்த்தார். 1799இல், துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்க்குப் புகலிடமாக முதலூர் என்னும் ஊர் அமைந்தது. புதிய ஊர்களுள் முதலாவது என்னும் பொருளில் அப்பெயர் இடப்பெற்றது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசு ஐயர் காலத்தில் ஊர்கள் பெருகின. பள்ளிகளும் பெருகின. மெய்ஞ்ஞானபுரம், நாசரேத்து, சாயர்புரம், இடையன்குடி முதலிய ஊர்கள் கல்விக்கும் வழிபாட்டிற்கும் நடுவிடங்களாயின. 1896இல் திருநெல்வேலி தனி மறைமாவட்டம் ஆயிற்று.

நாற்பது பேரில் தொடங்கிய சபை ஒரு நூற்றாண்டிற்குட் பல்லாயிரவராகப் பெருகியது உண்மை. ஆயினும் அப்பெருக்கத்தில் ஒரு குறை மறைந்து கிடந்தது. குருமாரிற் பலர் தமிழர். உபதேசிமாரும் ஆசிரியரும் தமிழர். ஆனால் திட்டம் வகுப்போரும் பொருள் தருவோரும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த சங்கத்தார். தமிழ்க் கிறித்தவர் பெறுவோராகவே பழகிவிட்டனர். பெற்றுப் பழகிய கை கொடுக்க நீளுதல் எளிதன்று. கொடுப்பவன் நன்மையே செய்தாலும், பெறுபவன் நாளடைவில் தன் ஆற்றலைத் தானே அறியாதவனாகிவிடுகின்றான். இந்நிலையில் இருந்த சமுதாயத்திலேதான் அசரியா பிறந்தார்.

அசரியாவின் இளமை

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகத்து 17ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமசு வேதநாயகம், நாடார் குலத்து வணிகக் குடும்பத்திலிருந்து கிறித்தவராகிக் குருவானவர். மகனை வேண்டிப் பெற்றோர் பல்லாண்டு காத்திருந்தனர். எனவே விவிலியத்தில் அன்னாள் என்பாள் வேண்டிப் பெற்ற சாமுவேலின் பெயரையே தம் மகனுக்கும் இட்டனர். வேண்டிப் பெற்றதை இறைவனுக்கே ஒப்புவித்தல் அன்னாள் வரலாற்றின் உட்பொருள். பெயர் வைத்தலிலேயே இவ்வொப்படைப்பு அமைந்துவிட்டது.

தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால் தாயார் எலன் அம்மையாரே மகனை வளர்த்தார். மெய்ஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியிலும், பின்னர்த் திருநெல்வேலியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்ட அவர், 1895இல் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் பணியாளரானார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தபோது வரதட்சணை பெற மறுத்தார். அக்காலத்தில் கிறித்தவக் குடும்பங்களிலும் அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. ஆதலின் இது சிறிய மறுப்பன்று. அன்பு அம்மையார் தென்னிந்தியக் கிறித்தவப் பெண்டிருள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் சிலருள் ஒருவர். பின்னாளில் தெலுங்கு நாட்டுப் பெண்களிடையே அவர் ஆற்றிய தொண்டு கணவரின் தொண்டிற்கு நிகரானது.

இளைஞர் சங்கப் பணியில் அசரியா தென்னாடு முழுவதும் பயணம் செய்தார். 1896இல் அமெரிக்காவிலிருந்து வந்த செர்வுட்டு எட்டியார் அவருடைய உற்ற நண்பரானார். வெள்ளையரும் இந்தியரும் ஒரே விடுதியில் தங்குவதே அரிதாயிருந்த அக்காலத்தில், இவ்விருவரும் உடன் பயணம் செய்தும் உடன் வேண்டுதல் செய்தும் பழகினர். இந்நட்பின் பயனைப் பின்னர்க் காண்போம்.

யாழ்ப்பாணத்து மரநிழல்

1902இல் அசரியா எட்டியாருடன் யாழ்ப்பாணம் சென்றார். அங்கு 1816 முதல் அமெரிக்க மிசனார் பணி செய்து வந்தனர். 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி தமிழ்க் கல்விக்கும் மேனாட்டுக் கல்விக்கும் பாலமாய் விளங்கிற்று. அம்மரபில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கிறித்தவ மாணவர் தாமே ஒரு சங்கம் அமைத்து, தம் பொருளைக் கொண்டே கடல் கடந்து தமிழ்நாட்டுத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வந்தனர். பாண்டி நாட்டுக் கடற்கரையிலுள்ள இத்தொண்டி அக்காலத்தில் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்தது.

இச்செய்தி அசரியாவின் உள்ளத்தைத் தாக்கிற்று. யாழ்ப்பாணச் சபை திருநெல்வேலிச் சபையினும் சிறியது. ஆயினும் அச்சிறிய சபை திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள ஒரு கடற்கரைக்கு ஊழியர் அனுப்ப, எண்ணிக்கையிற் பெரிய திருநெல்வேலிச் சபையோ தன் எல்லைக்கு அப்பால் எவரையும் அனுப்பவில்லை. அன்று அவர் தனியே சென்று ஒரு மரத்தடியில் முழந்தாளிட்டு மன்றாடினார். தம் மக்களின் மெலிவை எண்ணிக் கண்ணீர் விட்டார் என்பது அவர் வரலாறு எழுதினோர் கூறும் செய்தி. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டிற்குள்.

இம்மன்றாட்டின் இயல்பை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் தமக்கென ஒரு பொருளை வேண்டவில்லை. தம் சபைக்கு உதவி வேண்டும் என்றும் கேட்கவில்லை. தம் சபை பிறர்க்கு உதவவில்லையே என்பதுதான் அவர் எடுத்துரைத்த வழக்கு. அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரும் அவர் மக்களே, அவர்களுள் ஒருவராகிய அவருமே. மன்றாட்டு என்னும் சொல்லுக்கு நாம் முற்கூறிய பொருள் இங்கு முழுவதும் பொருந்துகின்றது. மன்றத்து மரநிழலும் இம்மரநிழலும் ஒத்தது தற்செயலே எனினும், தீர்ப்பிற்குத் தம்மை உட்படுத்திய உள்ளப்பாங்கு தற்செயலன்று.

வேண்டுதல் சங்கமாதல்

அழுது எழுந்தவர் ஊருக்குத் திரும்பி அந்நினைவைப் பேணிக்கொண்டு மட்டும் இருந்திருப்பின், இவ்வரலாறு ஒரு நாட்குறிப்பின் பகுதியாக முடிந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிசனெரி சங்கம் தோற்றுவிக்கப்பெற்றது. அசரியா அதன் செயலாளரானார். பணம் தமிழ்க் கிறித்தவரிடமிருந்தே வரவேண்டும், ஊழியர் தமிழ்க் கிறித்தவராகவே இருக்கவேண்டும், ஆட்சியும் அவர்கள் கையிலேயே இருக்கவேண்டும் என்பன இம்முயற்சிக்கு அடிப்படை.

நாட்டு வரலாற்றோடு இந்நாளை ஒப்பிடின் இதன் சிறப்பு விளங்கும். வங்கப் பிரிவினையால் சுதேசி இயக்கம் கிளர்ந்தது 1905இல். அதே திருநெல்வேலிச் சீமையின் துறைமுகமாகிய தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியது 1906இல். தம் பொருளால், தம் ஆட்களால், தம் ஆட்சியில் ஒரு செயலை நடத்தல் என்னும் கருத்து இவ்விரண்டிற்கும் முன்னரே பாளையங்கோட்டையில் சமயத் துறையிற் செயலுருப் பெற்றுவிட்டது. எனவே நாட்டுணர்ச்சியின் எதிரொலியாகவே இச்சங்கம் பிறந்தது என்பது காலமுறைக்கு ஒவ்வாது. இரண்டும் ஒரே காலச் சூழலில், தனித்தனி ஊற்றுகளிலிருந்து எழுந்தன என்பதே பொருந்தும். பின்னர் 1905ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு நாளில் வங்காளத்துச் செராம்பூரில், வில்லியம் கேரியின் நினைவு நிலவும் நூலகத்தில், தேசிய மிசனெரி சங்கம் தொடங்கப்பெற்றபோது, சேலத்தில் பிறந்த கே. தி. பாலுடன் அசரியாவும் முன்னின்றார். பாளையங்கோட்டை முயற்சி இந்தியா முழுமைக்கும் விரிந்தது.

இச்சங்கத்தின் பொருள் எவ்வாறு வந்தது என்பதும் அறியத்தக்கது. பெருஞ்செல்வர் சிலரே. ஏனையோர் பனையேறுவோர், சிறு வணிகர், உழவர், பள்ளியாசிரியர். தென்னிந்தியத் திருச்சபைகளில் வழங்கும் பிடியரிசிக் காணிக்கையை இங்கு நினைவுகூரலாம். உலையில் இடுமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் எடுத்துவைப்பர். வாரத்திற்கு ஒருமுறை அது கோயிலிற் சேர்ந்து விற்கப்பட்டுப் பணமாகும். நாணயம் கையில் இல்லாத வீட்டிலும் அரிசி இருக்கும். வீட்டுச் செலவிற் சொல்லுரிமை இல்லாத பெண்ணுக்கும் உலைப்பானையில் உரிமை உண்டு. அடுப்படியில் நாள்தோறும் நிகழ்ந்த இச்செயல் வேண்டுதலையும் ஈகையையும் பிரிக்க இயலாதவாறு பிணைத்தது. தெலுங்கு நாட்டிலும் அசரியா இவ்வழக்கத்தைப் பெரிதும் ஊக்கினார். கிறித்தவர் ஈகை பற்றிப் பிற்காலத்தில் அவர் ஒரு நூலும் எழுதினார். ஏழையின் ஈகையே அவனை இரவலன் நிலையினின்று உயர்த்தும் என்பது அவர் துணிபு.

தோர்ணக்கல்

சங்கத்தார் தேர்ந்தெடுத்த களம் ஐதராபாத்து நிசாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலுங்கானா மாநிலத்தில் உள்ளது. பாளையங்கோட்டையிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு. முதல் ஊழியராகிய சாமுவேல் பாக்கியநாதன் 1904இல் அங்கே சென்றார். காடும் காய்ச்சலும் மிகுந்த நாடு அது. மொழி தெலுங்கு. அங்குக் கிறித்தவம் தழுவியோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்.

இங்கு இரு செய்திகள் கருதற்பாலன. முதலாவது மொழி பற்றியது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பத்தின என்பதை நிறுவினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்குப் பின் அதே திருநெல்வேலிச் சீமையார் அவ்வுறவை ஏட்டிலன்றி நாவிலும் வாழ்விலும் மேற்கொண்டனர். தமிழர் தமிழிலேயே பேசித் தெலுங்கரைத் தம்மவர் ஆக்க முயன்றிலர். தாம் தெலுங்கு கற்றனர். உறவுமொழியாயினும் பிறமொழியே. அதனைக் குழந்தைபோற் கற்கும் பணிவு, அனுப்பப்பட்டவர்க்கு முதற்பயிற்சி ஆயிற்று.

இரண்டாவது செய்தி சமுதாயம் பற்றியது. நாடார் குலத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெற்ற இழிவுகளும், அவற்றை நீக்க அவர்கள் நடத்திய போராட்டங்களும் வரலாறு அறிந்தவை. தாம் சிறிது உயர்ந்தவுடன் தமக்குக் கீழ் வைக்கப்பட்டோரைத் தள்ளிவைத்தல் உலகியல்பு. இவர்களோ மாலர் மாதிகர் சேரிகளுக்குச் சென்று அவர்தம் குடிசைகளில் அமர்ந்தனர். திருநெல்வேலியில் கிறித்தவர்க்குள்ளேயே சாதி முற்றும் அழிந்துவிடவில்லை என்பதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. மாலர்க்கும் மாதிகர்க்கும் இடையே நிலவிய வேற்றுமையும் தோர்ணக்கல் சபைக்குள் நெடுங்காலம் தொல்லை தந்தது. அவ்வுண்மைகளோடு வைத்துப் பார்க்கும்போதுதான் இச்செயலின் அருமை புலனாகும்.

1909இல் அசரியாவே தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். அப்போது அவர் அகில இந்தியச் சங்கமொன்றின் பொதுச்செயலாளர், உலக மாணவர் மாநாடுகளில் அறியப்பட்டவர். பிறரைப் போகுமாறு ஏவும் தாம் ஏன் போகலாகாது என்னும் வினா அவரை வாட்டிற்று. அவ்வாண்டு குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சேர்ந்து, தொடக்கத்தில் கூடாரத்தில் தங்கித் தெலுங்கு பயின்றார். யாழ்ப்பாணத்து மன்றாட்டிற்கும் இப்பயணத்திற்கும் இடையே ஏழாண்டு இடைவெளி உண்டு. வேண்டுதலின் முதற்பயன் சங்கம். அதன் முழுப்பயன் சங்கத்தைத் தோற்றுவித்தவர் தம்மையே கொடுத்தது. துணிவு ஒரு நொடியில் பிறப்பது என்பார்க்கு இவ்வேழாண்டு மறுமொழி கூறும்.

எதிர்ப்பும் ஏற்பும்

1910ஆம் ஆண்டு சூன் திங்களில் எடின்பரோவில் நடந்த உலக மிசனெரி மாநாட்டில் அசரியா பேசினார். மேனாட்டு ஊழியர் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை. அவர்கள் ஈந்த பொருளையும் கொடுத்த உயிரையும் நன்றியுடன் ஏற்றுக்கொண்டு, இந்தியர் வேண்டுவது இவற்றோடு நட்பும் ஆகும் என்று அவையோர் திகைக்கும்படி எடுத்துரைத்தார். புரவலனுக்கும் இரவலனுக்கும் இடையே நன்றி இருக்கலாம், நட்பு இராது. நட்புக்குச் சமநிலை வேண்டும். எட்டியாருடன் பயின்ற நட்பே இக்கோரிக்கையை நேர்மையுடன் எழுப்பும் தகுதியை அவருக்குத் தந்தது. நட்பு அரிது என்பதை மட்டுமன்றி, நட்பு இயலும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர் உலகப் பேரவையில் இவ்வாறு பேசத் துணிந்தது அக்காலத்தில் எளிய செயலன்று. அரங்கில் சிலர் சினந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது.

இரண்டாண்டு கழித்து, 1912ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள், கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. சென்னைப் பேராயர் ஒயிட்டெட்டு இதற்காகப் பல்லாண்டு முயன்றார். எதிர்ப்பும் கடுமையாயிருந்தது. இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணிபுரிய வெள்ளை ஊழியர் பலர் தயங்கினர். இந்தியக் கிறித்தவருள்ளும் சாதி பற்றிய எண்ணத்தால் சிலர் மறுத்தனர். இதனால் முதலில் மிகச் சிறிய பகுதியே அவர் பொறுப்பில் விடப்பெற்றது. பின்னர் அது விரிவடைந்தது. அவர் இறுதிக்காலத்தில் அம்மறைமாவட்டக் கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டது.

அவர் சபைகளைக் காணச் சென்றது பெரும்பாலும் மாட்டு வண்டியில். ஊர்தோறும் புதிதாய்ச் சேர்ந்தோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, திருமுழுக்குப் பெற்ற தாம் நற்செய்தி கூறாதொழியின் தமக்குக் கேடு என உறுதி கூறும்படி செய்வார் என்பது அவரை அறிந்தோர் குறிப்பு. திருநெல்வேலியில் அவர் கண்ட குறை தோர்ணக்கலிலும் தோன்றிவிடக் கூடாது என்பதற்கு அவர் செய்த காப்பு இது. பெறுவோர் முதல் நாளிலேயே கொடுப்போர் ஆதல் வேண்டும்.

தோர்ணக்கல் பேராலயம் பல்லாண்டுக் கட்டுமானத்திற்குப் பின் 1939ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் படைக்கப்பெற்றது. குவிமாடமும் தூண்வரிசையும் கொண்ட அக்கட்டடத்தில் இந்து, இசுலாமிய, கிறித்தவக் கட்டடக்கலைகள் ஒருங்கிணைந்துள்ளன. அந்நாட்டு மண்ணில் வேரூன்றிய வழிபாடே நிலைபெறும் என்னும் அவர் கருத்தைக் கல்லில் காட்டுவது அது.

மாறுபட்ட கருத்துகளையும் கூறுதல் ஆய்வறம். 1930களில் காந்தியடிகள் ஒடுக்கப்பட்டோரைக் கூட்டமாகச் சமயம் மாற்றுதலை வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனம் அசரியாவின் பணியையும் தொட்டது. எளியோர் சமயத்தை அறிந்து தழுவுகின்றனரா, அன்றி உதவி நாடித் தழுவுகின்றனரா என்னும் அவர் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அசரியாவோ, எளியவனுக்கும் தன் சமயத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு என்று கருதினார். அதே அசரியா கிறித்தவர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்பதை எதிர்த்தார் என்பதும் உடன் நோக்கத்தக்கது. சபை ஓர் அரசியற் கூட்டமாகச் சுருங்குவதை அவர் விரும்பவில்லை. இவ்விருவர் கருத்து வேறுபாட்டில் ஒருவரை வென்றவராகவும் மற்றவரைத் தோற்றவராகவும் கூறுதல் நம் நோக்கமன்று. எளியோர் மதிப்பு என்னும் ஒரே பொருளை இருவரும் இரு வேறு வாயில்களினின்று நோக்கினர் என்பதே நம் கருத்து.

ஒற்றுமை வேட்கை

ஊழியக் களத்தில் எழுந்த மற்றொரு பயனையும் சுருங்கக் கூறுவோம். மேனாட்டுச் சபைப் பிரிவுகள் இந்தியச் சிற்றூர்களில் பொருளற்றவை என்பதை அசரியா களத்திற் கண்டார். 1919ஆம் ஆண்டு மே முதலிரு நாள்களில் தரங்கம்பாடியில் கூடிய குருமார் பல சபைகளின் ஒன்றிப்பை வேண்டி ஓர் அறிக்கை வெளியிட்டனர். அக்கூட்டத்தை முன்னின்று நடத்தியோருள் அவர் ஒருவர். 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய துறையிலேயே இவ்வொன்றிப்பு முயற்சி தொடங்கியது பொருத்தமுடைத்து. 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தோர்ணக்கலில் அசரியா மறைந்தார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அவர் அதனைக் காணவில்லை. மன்றாடியவர் தாமே தீர்ப்பைக் கேட்டுச் செல்லுதல் எஞ்ஞான்றும் வாய்ப்பதன்று.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் நாம் பெறும் முடிபுகள் மூன்று.

ஒன்று, யாழ்ப்பாணத்து மன்றாட்டு ஒன்றே இவ்வரலாற்றை நிகழ்த்தவில்லை. ஒரு நூற்றாண்டுக் கல்வியும், தன்மதிப்புப் பெற்ற ஒரு சமுதாயமும், எட்டியாரின் நட்பும், யாழ்ப்பாண மாணவர் காட்டிய வழியும் அதற்கு முன்னரே அமைந்திருந்தன. ஆயின் இவையனைத்தும் அமைந்திருந்த பலர் எவ்விடத்தும் செல்லாமலும் இருந்தனர். அமைந்த காரணங்களைச் செயலாக மாற்றியது, தம் மக்களின் குறையைத் தம் குறையாக ஏற்று இறைவன்முன் வைத்த அந்த மன்றாட்டே.

இரண்டு, வேண்டுதலின் துணிவை அளக்கும் கோல் அதன் உருக்கம் அன்று. வேண்டியவர் தம்மிடம் என்ன கேட்டுக்கொண்டார் என்பதே. அசரியா முதலில் தம் நேரத்தையும், அடுத்துத் தம் மக்களின் பொருளையும், இறுதியில் தம்மையும் கேட்டுக்கொண்டார். விவிலியத்தில் அந்தியோகியாச் சபையார் நோன்பிருந்து வேண்டியபின் தம்முள் சிறந்த இருவரையே வெளிநாட்டிற்கு அனுப்பினர் என்னும் வரலாறு இதற்கு முன்மாதிரி. மிஞ்சியவரை அனுப்புதல் எவர்க்கும் எளிது. சிறந்தவரை இழக்கத் துணிதலே அச்சபையாரின் நம்பிக்கைக்குச் சான்று.

மூன்று, இவ்வரலாறு கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. பெறுவோராய்ப் பழகிய ஒரு சமுதாயம் கொடுப்போராய் மாறியதை இது காட்டுகின்றது. கட்டாயத்தைக் குறித்த ஊழியம் என்னும் சொல் அன்பைக் குறிக்கும் சொல்லானது ஒருநாளில் நிகழ்ந்ததன்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் எடுத்து வைத்த பெண்களும், காய்ச்சல் நாட்டில் பிறமொழி கற்ற ஆசிரியரும் அச்சொல்லின் பொருளை மாற்றினர். தமிழ்ச் சொல்லொன்றின் பொருளை வாழ்ந்து மாற்றிய அவர்களுக்குத் தமிழ் ஆய்வாளரும் கடமைப்பட்டுள்ளனர்.